வீட்டு சிஎன்சியில் அலுமினியம் வெட்ட மிஸ்ட் கூலிங்: ஒரு நிகழ்வு ஆய்வு

சிஎன்சி என்பது கணினி சொல்லும் பாதையில் தானே வெட்டும் எந்திரம். நம்முடையது சாதாரண வீட்டு வகைதான். அலுமினியச் சட்டத்தில் கட்டிய கேன்ட்ரி (படுக்கைக்கு மேலே பாலம்போல் நகரும் அமைப்பு), மூன்று அச்சிலும் பால் ஸ்க்ரூ (துல்லியமாக நகர்த்தும் திருகு), தண்ணீரில் குளிரும் 1.5 கிலோவாட் ஸ்பிண்டில் (வெட்டுமுனையைச் சுழற்றும் மோட்டார்), ஜிஆர்பிஎல் என்ற நிரல் ஓடும் கண்ட்ரோலர். மரம், அக்ரிலிக் வெட்டுவதில் ஒரு குறையும் இல்லை. 10 மி.மீ. தடிமனுள்ள 6061-டி6 என்ற அலுமினியக் கலவைத் தகட்டை வைத்ததும் சங்கடம் ஆரம்பித்தது. வெளிவிளிம்பில் ஒழுங்காக ஓடும் 6 மி.மீ. எண்ட் மில் (சுழன்று வெட்டும் கருவி), ஸ்லாட்டுக்குள் (குறுகிய நீள் பள்ளம்) நுழைந்து கொஞ்ச தூரம் போனதும் சத்தம் மாறும். கீச்சென்று ஒரு இழுப்பு, அப்புறம் டக்கென்று முறிவு. முறிந்த துண்டை எடுத்துப் பார்த்தால் ஃப்ளூட் (பல்லுக்கு நடுவே உள்ள பள்ளம்) முழுக்க ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினாற்போல அலுமினியம் அடைத்திருக்கும்.

இந்த ஒரு குறையைத் தீர்க்க மிஸ்ட் கூலிங் அமைத்தோம், அதாவது வெட்டும் இடத்தில் காற்றோடு கொஞ்சம் திரவத்தைத் துளியாகத் தெளிப்பது. அதைப் பற்றியதுதான் இந்த ஆய்வு. எடுத்த எடுப்பிலேயே கண்டதைச் சொல்லிவிடுகிறேன்: மிஸ்ட் கூலிங்கில் பெரிய வேலையைச் செய்வது காற்று. திரவத்தின் வேலை சின்னது, ஆனால் அது இல்லாமலும் முடியாது. காற்றை முதலில் சரியாக்கிவிட்டுத் திரவத்தைப் பிறகு சேர்த்தால், இந்த அமைப்பில் வரும் சிக்கல்களில் பாதி வரவே வராது.

ஸ்லாட்டுக்குள் நடப்பது

6061 உருகத் தொடங்குவது 580 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான். வெட்டும் இடம் அவ்வளவு சூடாகி, உலோகம் உருகி ஒட்டுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அலுமினியத்தின் மேல் எப்போதும் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று உண்டு. வெட்டும் நொடியில் அந்தப் படலம் இல்லாத புது உலோகம், கார்பைடு (எண்ட் மில் செய்யும் கடினமான பொருள்) முனையின் மேல் பெரும் அழுத்தத்தில் உரசுகிறது. உருகும் சூட்டுக்கு வெகு கீழேயே அது முனையில் அப்பிக்கொள்ளும். அப்பியதன் மேல் இன்னும் அப்பும். கூராக இருந்த முனை மொட்டையாகி, வெட்டுவதை விட்டுத் தேய்க்க ஆரம்பிக்கும். தேய்த்தால் சூடு, சூடானால் உலோகம் இளகும், இளகினால் இன்னும் ஒட்டும்.

சரி, வெளிவிளிம்பில் நடக்காதது ஸ்லாட்டில் மட்டும் ஏன் நடக்கிறது? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 6 மி.மீ. ஒற்றைப் பல் எண்ட் மில், நிமிடத்துக்கு 18,000 சுற்று, ஃபீட் (எண்ட் மில் முன்னேறும் வேகம்) நிமிடத்துக்கு 900 மி.மீ. அதாவது ஒரு சுற்றுக்கு 0.05 மி.மீ. பக்கவாட்டில் 0.6 மி.மீ., ஆழத்தில் 6 மி.மீ. எடுத்தால் நிமிடத்துக்கு 3.2 கன சென்டிமீட்டர் உலோகம் வெளியேறும். அலுமினியத்தில் ஒரு கன மில்லிமீட்டரை வெட்ட ஏறக்குறைய 0.7 ஜூல் ஆற்றல் செலவாகிறது. பெருக்கினால் 40 வாட்டுக்குப் பக்கத்தில் வருகிறது. இது பெரிய சூடே இல்லை. அதிலும் பெரும்பகுதி வெட்டுப்பட்ட சுருளோடு போய்விடும், சுருள் வெளியே போய்க்கொண்டிருக்கும் வரைக்கும். வெளிவிளிம்பில் ஒரு பக்கம் திறந்திருப்பதால் அது தானாகவே பறந்துவிடுகிறது. ஸ்லாட்டில் மேல்பக்கமும் வந்த வழியும் மட்டுமே உண்டு. அங்கே சுருள் திரும்பத் திரும்ப பல்லுக்கடியில் மாட்டி, வெட்டியதையே வெட்டுகிறது. சூடு என்று நாம் பார்ப்பது, உண்மையில் சுருள் போகாத பிரச்சினை.

திரவம் எவ்வளவு குளிர்விக்கும் என்றும் பார்த்துவிடலாம். மணிக்கு 30 மில்லி தண்ணீர் முழுவதும் ஆவியானாலும் அது எடுத்துக்கொள்ளும் வெப்பம் சராசரியாக 19 வாட். தெளிக்கும் துளிகளில் பெரும்பாலானவை முனையைத் தொடாமலே போய்விடுவதால் உண்மையான அளவு அதைவிடக் குறைவு. அதனால் திரவத்தை நாம் வைப்பது குளிர்ச்சிக்காக என்பதைவிட, புது உலோகத்துக்கும் கார்பைடுக்கும் நடுவே ஒரு எண்ணெய்ப் படலம் இருக்கட்டும் என்பதற்காகத்தான்.

மிஸ்ட்டுக்கு முன் மாற்றியவை

எந்திரத்தோடு வந்த எண்ட் மில் நான்கு பல், டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு பூச்சு. இரும்புக்கு நல்லது, இதற்கு ஆகாது. பூச்சிலேயே அலுமினியம் இருப்பதால் வெட்டும் அலுமினியம் அதோடு சுலபமாக ஒட்டும். நான்கு பல்லுக்கு நடுவே சுருளுக்கு இடமும் இல்லை. பூச்சில்லாத, பளபளவென்று பாலிஷ் செய்த ஒற்றைப் பல் கார்பைடுக்கு மாறினோம். பூச்சு வேண்டுமென்றால் சிர்கோனியம் நைட்ரைடு, டைட்டானியம் டைபோரைடு, டிஎல்சி (வைரம் போன்ற கார்பன்) ஆகியவை அலுமினியத்துக்கு ஏற்றவை.

ஃபீடும் முக்கியம். பக்கவாட்டு வெட்டு எண்ட் மில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்குதான் என்றால், ஒரு பல்லுக்கு 0.05 மி.மீ. என்று கொடுத்தாலும் சுருளின் உண்மையான தடிமன் 0.03 தான் இருக்கும். பயந்து ஃபீடைக் குறைத்தால் அது இன்னும் மெல்லிசாகி, பல் வெட்டாமல் தேய்க்கும். வீட்டு எந்திரத்தில் அலுமினியம் கெட்டுப்போவதற்கு அவசரத்தைவிடத் தயக்கம்தான் அதிகக் காரணம் என்பது என் கருத்து.

வகையைத் தேர்ந்தது

கூலண்டை (குளிர்விக்கும் திரவம்) கொட்டி வெட்டுவது இந்த எந்திரத்தில் நடக்காது. தொட்டி இல்லை, படுக்கையைச் சுற்றித் தடுப்பு இல்லை. மிஸ்ட்டில் இரண்டு வழி உண்டு. ஒன்று உறிஞ்சு வகை: ஓடும் காற்று திரவத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். மலிவானது, ஆனால் காற்றைக் கூட்டினால் திரவமும் கூடும், ஒன்றை விட்டு ஒன்றை மாற்ற முடியாது. திரவத்தைப் பனிமூட்டமாகவும் உடைத்துவிடும். மற்றது அழுத்தத் தொட்டி வகை: திரவத்தைத் தனி அழுத்தம் தள்ளும், காற்று தனியாக வரும், இரண்டும் நாசில் (தெளிக்கும் மூக்கு) வாயில்தான் சந்திக்கும். நாம் இரண்டாவதையே எடுத்தோம். காற்றையும் திரவத்தையும் தனித்தனியாகத் திருப்ப முடிய வேண்டும் என்பதே முதல் தேவை.

நாசில் எளிமையானது. 2.2 மி.மீ. துளையுள்ள பித்தளை வாய். அதன் நடுவே 1.6 மி.மீ. வெளிவிட்டமுள்ள ஸ்டெயின்லெஸ் ஊசிக்குழாய். குழாயின் முனை வாயைவிட ஒரு மில்லிமீட்டர் போல வெளியே நீட்டியிருக்கும். திரவம் நடுவில் வருகிறது, காற்று அதைச் சுற்றி வளையமாக வருகிறது. துளி வெளியே வந்தபிறகுதான் காற்றில் படுவதால் பெரிய துளியாகவே பறக்கிறது. மிதக்காமல் போய் விழும் துளிதான் நமக்கு வேண்டும்.

தொட்டி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கூல்டிரிங்க் பாட்டில், கண்ணாடி ஜாடி, பிவிசி பைப் எதையும் அழுத்தத் தொட்டியாக ஆக்கக்கூடாது. பிவிசி உடைந்தால் விரிசல் விடாது, கூர்துண்டுகளாக வெடிக்கும். அழுத்தத்துக்கென்று செய்த, பாதுகாப்பு வால்வு உள்ள சிறு தொட்டியை வாங்கி, தனி ரெகுலேட்டர் போட்டு 0.5 பாரில் (பார் என்பது அழுத்த அளவு) வைத்தோம். திரவக் குழாயில் மெல்லிய ஊசி வால்வு. நாசிலோடு சேர்ந்து வரும் திருகு முரடாக இருக்கும். கால் சுற்றில் சொட்டு ஊற்றாகிவிடும். இந்த ஊசி வால்வுக்கு மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

கம்ப்ரஸர் தாங்குமா

மேலே சொன்ன வளைய இடைவெளி 1.5 மி.மீ. துளைக்குச் சமம். அதில் 3 பார் காற்றை விட்டால் நிமிடத்துக்கு 65 முதல் 70 லிட்டர் வரை செலவாகும். 2 பாரில் 50 லிட்டர். துளையை 2 மி.மீ. ஆக்கினால் 3 பாரில் 120 லிட்டரைத் தொடும். விட்டத்தின் வர்க்கத்தில் கூடுகிற கணக்கு இது. சின்ன கம்ப்ரஸரின் மேல் ஒட்டியிருக்கும் எண் பெரும்பாலும் உள்ளே இழுக்கும் காற்றின் அளவு. வெளியே தருவது அதைவிடக் கணிசமாகக் குறைவு. போதாக்குறைக்கு, அந்த வகை மோட்டார்கள் பாதி நேரம் ஓடி பாதி நேரம் ஓய்வெடுக்கும்படி செய்தவை. ஒரு மணி நேர வேலைக்கு நாசில் தின்பது கம்ப்ரஸர் தருவதில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்று வைத்துக்கொண்டோம். நாசில் துளையை முடிவு செய்தது இந்தக் கணக்குதான், கடையில் என்ன கிடைக்கிறது என்பது அல்ல.

அழுத்திய காற்றில் தண்ணீர் வரும். கம்ப்ரஸரிலிருந்து சூடாக வந்து, குழாயில் போகப் போக ஆறி, நீராக இறங்கும். அதனால் நீர்ப்பிரிப்பானை கம்ப்ரஸர் வாயிலேயே மாட்டுவது வீண். காற்று ஆறியபிறகு, எந்திரத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். கம்ப்ரஸர் தொட்டியின் அடிக்குழாயை ஒவ்வொரு வேலை முடிந்ததும் திறந்துவிட வேண்டும்.

எந்தத் திரவம்

ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் அலுமினியத்துக்கு அருமையாக வேலை செய்யும் என்று சொல்லுவார்கள். பொய் இல்லை. கறை இல்லாமல் ஆவியாகிவிடும். ஆனால் அது தீப்பற்றும் ஆவி தரத் தொடங்குவது 12 டிகிரியிலேயே. அதைத் துளியாக்கி, காற்றோடு கலந்து, மூடிய பெட்டிக்குள், மோட்டாரும் ரிலேயும் இருக்கும் இடத்தில் தெளிப்பது தீயைக் கூப்பிடுவதுதான். மண்ணெண்ணெயும் அப்படியே. பிரஷ்ஷால் ஒரு சொட்டு வைப்பது வேறு, தெளிப்பது வேறு. இரண்டையும் ஒதுக்கினோம்.

தண்ணீரில் கலக்கும் கூலண்ட் ஆயிலை 5 சதவீதமாகக் கலந்தோம்: 950 மில்லி தண்ணீர், 50 மில்லி ஆயில். தண்ணீரில்தான் ஆயிலை ஊற்ற வேண்டும். மாற்றி ஊற்றினால் கலவை தயிர் திரிந்தது மாதிரி ஆகிவிடும். உப்புத் தண்ணீர் வேண்டாம், வடித்த நீர் போதும். இல்லையென்றால் உப்பும் ஆயிலும் சேர்ந்த கசடு ஊசிக்குழாயை அடைக்கும். ஒரு வேலைக்கு வேண்டிய அளவு மட்டும் கலந்து, மிச்சத்தைத் தொட்டியில் விடாமல் எடுத்துவிடுகிறோம். தேங்கிய கலவையில் பாக்டீரியா வளரும். சொட்டும் திரவத்தில் அது வெறும் நாற்றம். மூச்சில் போகும் துளியில் அது நுரையீரல் நோய்.

மூச்சுக்குள் போவது

இந்த இடத்தில்தான் வீட்டு அமைப்புகள் பெரும்பாலும் கோட்டை விடுகின்றன. அமெரிக்காவின் தொழிலிட உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் 1998-ல் வெட்டுத் திரவத் துளிகளுக்குப் பரிந்துரைத்த வரம்பு, மார்புக்குள் போகும் அளவுத் துளிகளாக ஒரு கன மீட்டர் காற்றில் 0.4 மில்லிகிராம். படிக்கும்போது எங்கோ தொழிற்சாலை சமாச்சாரம் போலத் தெரியும். 3 மீட்டருக்கு 4 மீட்டர், இரண்டரை மீட்டர் உயர அறையில் 30 கன மீட்டர் காற்று இருக்கிறது. மணிக்கு 30 மில்லி கலவை தெளித்தால் அதில் ஒன்றரை மில்லி ஆயில், கிட்டத்தட்ட 1,400 மில்லிகிராம். அதில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் மிதந்தால்கூட, காற்றோட்டமில்லாத அறையில் ஒரு மணி நேரத்தில் அந்த வரம்பு தாண்டிவிடும்.

எனவே எந்திரத்தைச் சுற்றிப் பெட்டி கட்டினோம். மேல் மூலையில் வெளிச்செல்லும் விசிறி, அதன் குழாய் ஜன்னலுக்கு வெளியே. பெட்டியில் எப்போதும் காற்று உள்ளே இழுபட வேண்டும், கதவிடுக்கு வழியாக வெளியே வரக்கூடாது. சரிபார்க்க எளிய வழி உண்டு. அறை விளக்கை அணைத்துவிட்டு, கதவிடுக்கின் குறுக்கே ஒரு டார்ச் ஒளியை விட வேண்டும். சாதாரண வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாத மூட்டம் அந்த ஒளிக்கற்றையில் புகையாகத் தெரியும். இங்கே முதலில் கதவின் கீழ் ஓரத்தில் தெரிந்தது. ரப்பர் பட்டை ஒட்டியபிறகு இல்லை. வெட்டி முடிந்து சில நிமிடம் விசிறி ஓடியபிறகே கதவைத் திறப்பது வழக்கம். முகக்கவசம் போடுவதென்றால் என்95 இதற்கு ஏற்றதல்ல. 'என்' (N) எழுத்தில் தொடங்கும் வகைகள் எண்ணெய்த் துளிக்காகச் செய்தவை அல்ல. பி100 வகை வேண்டும்.

மின் இணைப்பு

எந்திரத்துக்குக் கட்டளை எழுதும் ஜி-கோடில் எம்7 மிஸ்ட்டைத் திறக்கும், எம்8 கொட்டும் கூலண்டை, எம்9 எல்லாவற்றையும் மூடும். ஜிஆர்பிஎல்லில் எம்7 வந்தபடியே வேலை செய்யாது. நிரலில் அதை இயக்கி மறுபடி ஏற்ற வேண்டும். எம்8 எப்போதும் தயார், யூனோ போர்டில் ஏ3 பின். நிரலைத் தொடாமல் எம்8-ஐயே எடுத்துக்கொண்டு, கேம் மென்பொருளின் (வரைபடத்திலிருந்து வெட்டுப் பாதை உருவாக்குவது) போஸ்ட்டில், அதாவது பாதையை ஜி-கோடாக எழுதும் பகுதியில், அந்த எண்ணை மாற்றினோம். அந்த பின் தருவது 5 வோல்ட், சில மில்லிஆம்பியர் சிக்னல் மட்டும். சோலினாய்டு வால்வை (மின்காந்தத்தால் திறந்து மூடும் வால்வு) அது ஓட்டாது. நடுவே ரிலே (சிறு சிக்னலால் பெரிய மின்சாரத்தைத் திறக்கும் ஸ்விட்ச்) வேண்டும். 24 வோல்ட் டிசி காயிலின் குறுக்கே ஒரு 1என்4007 டயோடும் வேண்டும். டயோடு இல்லாமல் விட்டால் வால்வு மூடும்போது எழும் மின் துடிப்பு லிமிட் ஸ்விட்ச் வயரில் ஏறி, வேலை நடுவில் எந்திரம் அலாரம் போட்டு நிற்கலாம்.

வால்வு காற்றை மூடிய பிறகும் தொட்டியில் அழுத்தம் இருப்பதால் திரவம் சொட்டிக்கொண்டே இருக்கும். அதற்காகத் திரவக் குழாயிலும் இன்னொரு சிறு வால்வை வைத்து இரண்டையும் ஒரே ரிலேயில் கோத்தோம். எம்8-க்குப் பிறகு ஜி4 பி2 என்று இரண்டு நொடி நிற்க வைத்தால், பல் உலோகத்தைத் தொடுவதற்குள் திரவம் முனைக்கு வந்துவிடும்.

குறி வைப்பதும் அளவு வைப்பதும்

நாசிலை ஸ்பிண்டில் பிடியிலேயே மாட்ட வேண்டும், எண்ட் மில்லோடு சேர்ந்து ஏறி இறங்கும்படி. முனையிலிருந்து 30 மி.மீ. தூரம், மேலிருந்து சாய்வாக, வெட்டு நடக்கும் இடத்தின் அடியைப் பார்த்து. எண்ட் மில்லின் உடம்பில் பட்டுச் சிதறும் காற்று ஸ்லாட்டுக்குள் இறங்காது. ஸ்பிண்டிலுக்குப் பதிலாக டிரிம் ரவுட்டர் (மரவேலைக் கைக்கருவி) வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதன் விசிறி காற்றை காலெட்டை (எண்ட் மில்லைப் பிடிக்கும் வாய்) சுற்றிக் கீழே ஊதும். அது நம் காற்றை மடக்கிவிடும், ஒரு தடுப்புத் தகடு தேவைப்படலாம்.

முதல் ஓட்டம் வெறும் காற்றில், 2 பாரில். ஸ்லாட்டின் அடி வெட்ட வெட்டப் பளிச்சென்று தெரிந்தது. சுருள் ஒன்றுகூடத் தங்கவில்லை. எண்ட் மில் முறியவில்லை. இதுவரை முறிந்த அதே ஸ்லாட், அதே ஆழம், சொட்டுத் திரவம் இல்லாமல். ஆனால் ஓட்டம் முடிந்து பல்லை லென்ஸில் பார்த்தபோது வெட்டுமுனையின் ஓரத்தில் மயிரிழை அளவு வெள்ளைப் படிவு. பக்கச் சுவரில் மங்கலான கோடுகள். காற்று சுருளைத் தள்ளிவிட்டது. ஒட்டுவதை அதனால் தடுக்க முடியவில்லை.

இப்போது திரவம். ஊசி வால்வை மூடிய நிலையிலிருந்து துளித்துளியாகத் திறந்தோம். நாசிலின் முன்னால் ஓர் அட்டையைப் பத்து நொடி பிடித்தால் போதும்: தனித்தனிப் புள்ளிகள் தெரிய வேண்டும், ஈரத் திட்டு தெரியக்கூடாது. தொட்டியிலிருந்து வரும் குழாயில் 5 மில்லி அளவைக் குறித்துவைத்து, அது காலியாகப் பத்து நிமிடம் ஆகும்படி வைத்தோம், அதாவது மணிக்கு 30 மில்லி. அந்த அளவில் பல் சுத்தமாக இருந்தது, சுவர் கண்ணாடிபோல் வந்தது. கூட்டிப் பார்த்தோம். இரண்டு மடங்குக்கு மேல் போனதும் சுருள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டி, ஸ்லாட்டின் மூலையில் சாம்பல்நிறக் கூழாகக் குவிந்தது. காற்றால் அதை அசைக்க முடியவில்லை, சத்தமும் கனத்தது. திரவம் கூடினால் வெட்டு கெடுகிறது என்பதை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும். சரியான அளவில் சுருளைக் கையில் எடுத்தால் விரலில் எண்ணெய்ப் பிசுக்கு தெரியும், ஈரம் தெரியாது.

அலுமினியச் சுருள் எஃகு மாதிரி சூட்டில் நீலமோ பழுப்போ ஆகாது. நிறத்தை வைத்து எதையும் அறிய முடியாது. காதும் லென்ஸும்தான் துணை.

சுற்றுப்புற வேலைகள்

எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) படுக்கை ஈரத்தில் உப்பி மட்டம் போய்விடும். மாற்றாக எச்டிபிஇ (கெட்டி பிளாஸ்டிக்) பலகை போட்டோம். ரெயில்களில் ஸ்பிண்டில் ஆயில் துடைப்பு. ஈரமான அலுமினியத் தூளை மூடிய டப்பாவில் வைக்கக்கூடாது, தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ரஜன் விடும்; திறந்த வாளியில் காய வைக்க வேண்டும்.

தீராத ஒன்று

ஸ்லாட்டும் பாக்கெட்டும் (அகலமான பள்ளம்) தீர்ந்தன. மூடிய துளைகள் தீரவில்லை. 6 மி.மீ. எண்ட் மில்லைத் திருகுப் பாதையில் இறக்கி 8 மி.மீ. துளை போடும்போது, எண்ட் மில் ஒரு சுவரைத் தொட, எதிர்ப்பக்கம் இருக்கும் இடைவெளி இரண்டு மில்லிமீட்டர்தான். அதற்குள் நாசில் காற்று இறங்குவதில்லை, மேலே மோதித் திரும்பிவிடுகிறது. ஆழம் விட்டத்தைத் தாண்டும் துளைகளில் சுருள் அடியில் தங்கிவிடும். இப்போதைக்கு அந்தத் துளைகளை இரண்டு படியாகப் போடுகிறோம்: சின்ன டிரில்லால் பெக் முறையில், ஒவ்வொரு இறக்கத்துக்கும் முழுசாக வெளியே எடுத்து ஒரு நொடி காற்றில் நிறுத்தி முதலில் வழி திறப்பது, அதன்பிறகு எண்ட் மில்லால் அகலமாக்குவது. தகட்டை முழுக்கத் துளைத்துக்கொண்டு போகும் துளை என்றால், கீழே எச்டிபிஇயில் ஒரு பள்ளம் வெட்டி வைப்பதால் சுருள் கீழ்வழியாகவே கொட்டிவிடுகிறது.